இருபத்துமூன்றாம் வில்லை

பிப்ரவரி 9, வெள்ளி. செண்டாய்

நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிற மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் கண் சொட்டுமருந்து விளம்பரம். மற்ற வருஷங்களில் ஜனவரி மூன்றாம் தேதியோடு எழுதுவதை நிறுத்திவிடுவேன். இந்தமுறை பத்து நாள்தான் எழுதவேண்டும், அதனால் முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

வருகிற பதினேழாம் தேதியோடு அண்ணன் இறந்து ஒரு வருஷம். இசக்கி இங்கே ஜப்பானில், இந்தச் செண்டாயில்தான் வேலை பார்த்தான். குளிர்காலம் வந்தால் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டைத் தூக்கிக்கொண்டு எரிமலை எரிமலையாகப் போவான். இந்தப் பக்கத்து மூன்று எரிமலைகளில் வரிசையாகச் சறுக்கி இறங்கவேண்டும் என்று பட்டியல் போட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தான். மூன்றாவது இவாகுரோ. அங்கேதான் போய்ச் சேர்ந்தான். அதே வரிசையில் நானும் போய், அந்த இடத்தில் ஒருமுறை நிற்கவேண்டும். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வருஷமாக இதையே நினைத்திருக்கிறேன்.

கூட்டிப்போகிறவர் நாயகம். முழுப்பெயர் கோமதிநாயகம். அண்ணனின் அறைத்தோழர், அன்றைக்கு மலையில் அவன் கூட இருந்தவர். வைகாசியில் எனக்கும் அவருக்கும் கல்யாணம். நிச்சயம் ஆனதிலிருந்து ‘அண்ணன்’ என்று கூப்பிட முடியவில்லை, ‘அத்தான்’ என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதனால் ‘ஏங்க’ என்று காற்றைப் பார்த்துக் கூப்பிடுகிறேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே தேனிலவாட்டி?” என்று சித்தி கேட்டாள். தனித்தனி அறை என்று அப்பா முன்னால் சத்தியம் செய்யாத குறை. அப்பா தடுக்கவில்லை. “நாயகம் கூடப் போறான்லா. அவன் சொன்னா சொன்னபடி இருப்பான்” என்றார். அண்ணன் அப்படி இல்லை என்பது அதற்குள்ளேயே இருந்தது.

அண்ணன் சறுக்கிய போர்டைத்தான் எனக்கு எடுத்து வைத்திருக்கிறார். முனையில் ஒரு நீராவி எஞ்சின் ஸ்டிக்கர், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் மகன் என்பதற்காக. பூட்ஸை மாட்டும் வார்களில் ஒன்று கறுப்பு, ஒன்று நீலம்.

“இது மட்டும் ஏன் நீலம்?”

“பழசு அறுந்துட்டு. மாத்தினேன்.”

“எப்பம் அறுந்துச்சு?”

“ஞாபகம் இல்ல வடிவு.”

பிப்ரவரி 10, சனி. ஜாவோ

விழுந்தேன். பதினேழு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். பனி மெத்தை மாதிரி இருக்கும் என்று சொன்னவன் யாராக இருந்தாலும் ஒருமுறை என்கூட வந்து விழட்டும்.

மலை முழுக்கத் தீக்குச்சி உரசின வாசம். உள்ளே எரிமலை இன்னும் சூடாகத்தான் இருக்கிறதாம். அந்தச் சூட்டில் கொதிக்கிற ஊற்றுத் தண்ணீரைத்தான் விடுதியில் குளிக்கத் திறந்துவிடுகிறார்கள். கழுத்துவரை உட்கார்ந்தேன். இடுப்பு வலி பாதி போயிற்று, வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது.

பிப்ரவரி 11, ஞாயிறு. ஜாவோ

இன்றைக்கு நிற்கிறேன். குதிகால் பக்கம் அழுத்தினால் போர்டு நிற்கும், முழங்காலை மடக்கி எடையை முன்காலில் வைத்தால் ஓடும். எழுதுவது எளிது.

நாயகம் முன்னால் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். “என்னையப் பாரு, காலப் பாக்காத” என்றார். பார்த்தேன். இதற்குமேல் எழுத மாட்டேன், சித்தி கையில் இந்த டைரி சிக்கினால் மானம் போய்விடும்.

அப்பாவிடம் போனில் பேசினேன். “அண்ணன் போர்டுலதான் ஓட்டுதேன்” என்றேன். “சாப்ட்டியா?” என்றார். மறுபடியும் அண்ணன் பேச்சை எடுத்தேன். “அவன் பேச்ச விடு பாப்பா” என்று வைத்துவிட்டார்.

ஜப்பானுக்குப் போகாதே என்றார், போனான். மலைக்குப் போகாதே என்றார், போனான். கடைசியில், நாயகம் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும், ஆபத்தான இடத்துக்கு எல்லை கட்டிய கயிற்றைத் தாண்டிக் கந்தகக் குழிப் பக்கம் சறுக்கப் போனான். இதுதான் அப்பாவுக்கு ஆறவில்லை. அண்ணன் படத்தைப் பீரோவில் தன் பழைய யூனிஃபார்முக்கு அடியில் வைத்துவிட்டார். மாலை போடவில்லை. ஒரு வருஷமாக அவன் பெயரை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள். குரிமோரி

இரண்டாவது எரிமலை. இங்கே ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. விடுதி வாசலில் ஒரு பெரிய பலகை, வரிசையாக ஆணிகள். மலைக்குப் போகிறவர்களுக்கு எண் போட்ட ஒரு மர வில்லை கொடுக்கிறார்கள். போகும்போது ஆணியில் மாட்டவேண்டும், இறங்கியதும் எடுக்கவேண்டும். மாலை நான்கு மணிக்கு எந்த வில்லை தொங்குகிறதோ அந்த ஆளைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. கம்ப்யூட்டர் கிடையாது.

அப்பா பார்த்திருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பார். அவர் காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் டிரைவர் ஓர் இரும்பு டோக்கனை வாங்கிக்கொண்டுதான் கிளம்பவேண்டும். அடுத்த ஸ்டேஷனில் அது மாஸ்டர் கையில் வந்து சேரும்வரை அந்தப் பாதையில் இன்னொரு வண்டிக்கு ‘லைன் கிளியர்’ என்ற அனுமதியைக் கொடுக்கக்கூடாது. “டோக்கன் கைக்கு வராம லைன் கிளியர் குடுக்கவன் கொலகாரன்” என்று சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்வார். நானும் அண்ணனும் பருப்புக்கரண்டியை டோக்கனாக நீட்டி அவரை வெறுப்பேற்றுவோம்.

இன்று மூங்கில் கம்பு நட்டு அடையாளம் வைத்த சரிவில் முதல்முறையாக இறங்கினேன். நாயகம் முன்னால் போய்விட்டார். நான் பனியில் உருண்டு புரண்டு வாசலுக்கு வருவதற்குள் குளிக்கப் போகத் துண்டோடு நிற்கிறார். “ஒன் வில்லையையும் எடுத்துட்டேன். அந்த பூட்ஸோட நீ படியேறணும்லா” என்றார். இப்படி ஒருவர் கிடைத்ததற்கு என்ன புண்ணியம் செய்தேனோ.

பிப்ரவரி 13, செவ்வாய்

முழங்கால் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்கத் தூக்கம். மீன் இல்லாத சாப்பாடு கேட்டதற்கு மீன் தூள் தூவிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 14, புதன். குரிமோரி

நாளைக்கு இவாகுரோவுக்குக் கிளம்பவேண்டும். நாயகம் இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருக்கலாம் என்கிறார். முதலில் என் முழங்கால் காரணம். பிறகு வானிலை. பிறகு கந்தகப் புகை கூடியிருக்கிறதாம். “பதினேழாந்தேதி இங்கயே விளக்கு ஏத்துவோமே. எங்க இருந்து கும்பிட்டாலும் சாமிதான” என்றார்.

“அவன் செத்த எடத்தப் பாக்கத்தான வந்திருக்கேன். சாமி கும்பிடவா வந்தேன்?” என்று கத்திவிட்டேன். முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், அவருக்கும் அது கூடப்பிறந்தவன் செத்த மாதிரிதான். அந்த இடத்தை மறுபடியும் பார்ப்பது லேசா?

அஸ்தியோடு ஊருக்கு வந்தபோதும் எல்லாக் கஷ்டத்தையும் அவர்தான் சுமந்தார். போலீஸ் காகிதங்கள் எல்லாம் ஜப்பானிய மொழி, அவர்தான் வாசித்துச் சொன்னார். மலை நிலையத்து அம்மா ஒருவர் எழுதிய கடிதத்தையும் அப்பா முன்னால் உட்கார்ந்து தமிழில் வாசித்தார். “‘ஒங்க மகன் நல்ல பையன், எப்பவும் சிரிச்ச முகம்’னு எழுதியிருக்காங்க மாமா.” மூன்று பக்கக் கடிதம். இரண்டு வரிதான் சொன்னார், அழுகை வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன். நாளைக்குக் கிளம்புகிறோம்.

பிப்ரவரி 15, வியாழன். இவாகுரோ

வந்துவிட்டோம். கறுப்பு மலை, மேலே வெள்ளை. ஒரு பக்கத்தில் பனிக்குள்ளிருந்து புகை வருகிறது, அடுப்படி ஓட்டைப் பிரித்தமாதிரி.

ரோப் கார் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறைகள் இருக்கின்றன. ஆனால் நாயகம் இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு விடுதியில் போட்டிருக்கிறார். “அங்கன கூட்டமா இருக்கும்” என்றார். போய்ப் பார்த்தேன், அங்கே ஈ காக்கை இல்லை. நிலையத்துக்குள் அவர் வரவே இல்லை. வெளியிலேயே முகத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார். குளிர் அவருக்கு இவ்வளவு ஆகாது என்று இதுவரை தெரியாது.

உள்ளே அதே மாதிரிப் பலகை. ஒன்று முதல் ஐம்பது வரை எண்கள், எண்ணுக்கு ஓர் ஆணி. இருபத்துமூன்றாம் ஆணி மட்டும் இல்லை. பிடுங்கிய ஓட்டை இருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நாயகம் வாசலிலேயே நின்றுகொண்டு, “நீயே ரெண்டையும் மாட்டிரு” என்றார். எனக்கு எட்டு, அவருக்கு ஒன்பது. மேலே போனோம். மூங்கில் கம்புகளை ஒட்டியே சறுக்கினோம். கம்புகளுக்கு வலப்பக்கம் மஞ்சள் கயிறு, அதற்கு அப்பால் அடியில் சூடு உள்ள இடம். மேலே பனி தட்டையாகத் தெரியும், கால் வைத்தால் உள்ளே குழி, குழிக்குள் விஷக்காற்று. தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். “அங்கதான்” என்றார். நாளைக்குப் பூவோடு வரலாம் என்று திரும்பினோம்.

இரண்டரைக்குக் கீழே வந்தோம். அவர் பஸ் நேரம் பார்க்கப் போனார். நான் போர்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், என் வில்லையை எடுத்தேன். அவருடையதையும் எடுத்தேன். குரிமோரியில் அவர் எனக்குச் செய்ததை இன்று நான் அவருக்குச் செய்கிறேன் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

உள்ளேயிருந்து ஒரு அம்மா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், சின்ன உருவம், பிடி இரும்பு. ஏதோ கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் போர்டைப் பார்த்ததும் கத்துவது நின்றது. எஞ்சின் ஸ்டிக்கரை விரலால் தொட்டார்.

கைபேசியை எடுத்து அதில் பேசினார். அது செய்தி வாசிப்பவள் குரலில் தமிழ் பேசியது.

“ஒவ்வொரு நபரும் தனது சொந்தக் கையால் எடுக்க வேண்டும். மற்றொருவருடையதை எடுக்கக் கூடாது. நீங்கள் இருபத்துமூன்றின் சகோதரியா?”

தலையாட்டினேன். அவர் இடுப்பு வரை குனிந்தார். நிமிரவே இல்லை. குனிந்தபடியே கைபேசியில் பேசினார்.

“என் பெயர் ஹருமி. கடந்த ஆண்டு நான்கு மணிக்கு நான் பலகையைப் பார்த்தேன். பலகை காலியாக இருந்தது. உங்கள் சகோதரர் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். தேடும் குழுவை நான் அழைக்கவில்லை. அவரது நண்பர் இரண்டரை மணிக்கே இரண்டு வில்லைகளையும் எடுத்திருந்தார். இரவு ஏழு மணிக்கு அவர் வந்து சொன்னபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. அப்போது பனிப்புயல். இவை அனைத்தையும் கடிதத்தில் எழுதி மன்னிப்புக் கேட்டேன். உங்கள் தந்தை பதில் எழுதவில்லை. அது இயல்பானது.”

மூன்று பக்கக் கடிதம்.

“அவன் கயித்தத் தாண்டித்தான போனான்?” என்று நான் தமிழிலேயே கேட்டேன். கைபேசி அதை ஜப்பானிய மொழியில் மாற்றிச் சொன்னது. அவர் நிமிர்ந்து, இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

“கயிறு அந்த நாளில் பனிக்குள் புதைந்திருந்தது. புயல் ஓய்ந்த பிறகு போலீஸ் இறுகிப்போன காலடித் தடங்களைப் பார்த்தது. அவர் சறுக்கவில்லை. போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கம்பிலிருந்து கம்புக்கு நடந்தார். பதினோராவது கம்புக்குப் பிறகு வழி தவறினார். அவர் மிகவும் கவனமான மனிதர்.”

கவனமான மனிதர். என் அண்ணனை, அந்த முரடனை. ஒரு வருஷமாக நாங்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வெளியே நாயகம் பஸ் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹருமி அம்மா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். மஃப்ளரைக் கழற்றிவிட்டார்.

வெளியே போய், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“அந்த வார் எப்பம் அறுந்துச்சு?”

மஃப்ளரை மடித்து மடியில் வைத்தார். பிறகு சொன்னார். “அன்னைக்குத்தான். பாதி வழியில. ‘ஏல, நீ போ, நான் கம்பப் புடிச்சு நடந்து வாறேன், ஒரு வாரு மட்டும் வாங்கி வை’ன்னான். நல்ல வெயிலு வடிவு அப்பம். கீழ வந்தேன். எப்பவும் யாரு மொதல்ல வாறாங்களோ அவங்க ரெண்டையும் எடுப்போம், எங்க பழக்கம் அது. எடுத்துப் பையில போட்டேன். குளிச்சேன். பாயில சாஞ்சேன். தூங்கிட்டேன்.”

“தூங்கிட்டிய.”

“தூங்கிட்டேன்.”

“அது தப்பு. தப்பு எல்லாருக்கும் வரும். அவன் பேச்சக் கேக்கல, கயித்தத் தாண்டிப் போனான்னு ஏன் சொன்னிய?”

“ஒங்க அப்பாட்ட மொத தடவ போன்ல சொல்லுதேன், இசக்கி போயிட்டான்னு. அவரு கேட்ட மொதக் கேள்வி, ‘சொல்லச் சொல்லக் கேக்காமப் போனானா?’ நான் ‘ஆமா மாமா’ன்னேன். அந்த ஒரு ஆமாதான். அதுக்கப்புறம் மாத்த முடியல.”

“ஒரு வருசமா முடியலியா?”

அவர் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினார்.

“என்னையக் கெட்டிக்கிடச் சம்மதிச்சதும் அதுக்குத்தானா?”

“மொதல்ல அதுக்குத்தான்” என்றார். “பெறகு அப்படி இல்ல.”

பொய் சொல்லியிருக்கலாம் அந்த இடத்தில். அங்கே மட்டும் உண்மை சொல்கிறார், பாவி. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சறுக்கக் கற்றுக்கொண்டேன். அவர் வாய் வழியாகத்தான் என் அண்ணன் சாவையே கேட்டேன். எனக்குத் தெரிந்த ஜப்பான் முழுக்க அவர் சொன்னது. கண்ணுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவள் நான், இந்த ஒரு ஆளைச் சோதித்துப் பார்க்கவில்லை.

நிச்சய மோதிரத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தேன். குளிரில் விரல் சுருங்கியிருந்தது, இழுக்காமலே வந்துவிட்டது. விடுதிக்கு நடந்தே போனேன். அவர் பின்னால் வரவில்லை.

பிப்ரவரி 17, சனி

காலை. பெட்டியைக் கட்டிவிட்டேன். 1:40 பஸ்ஸில் போய்விடுவேன். போர்டை என்ன செய்வது என்று தெரியவில்லை, தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

பகல் 1 மணி. நிலையத்தில் இருக்கிறேன். பத்து மணிக்கே அவர் பூவோடு மேலே போனாராம். ஹருமி அம்மா சொன்னார். அவருடைய ஒன்பதாம் வில்லை தொங்குகிறது.

1:35. மூடுபனி. ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். பலகையில் அந்த ஒன்பது மட்டும்தான். மற்ற எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

1:40. பஸ் வந்தது. போயிற்று.

ஏன் ஏறவில்லை என்று கேட்டால் என்ன சொல்ல? அவருக்காக இல்லை. அந்த ஆள் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஆணியில் ஒன்று தொங்கும்போது எழுந்து போக என்னால் முடியவில்லை. நான் யார் மகள்?

2:20. அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மர வில்லை, ஆணி, நான்கு மணி. விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

“இரு. வண்டி வந்து சேரல. டோக்கன் மட்டும் வந்துட்டு. அப்படித்தான?”

“ஆமாப்பா.”

“அடப்பாவி. லைன் கிளியர் குடுத்துட்டானே” என்றார். முப்பத்தாறு வருஷம் அவர் பயந்துகொண்டே இருந்த விஷயம் அது. பிறகு, “நாந்தான அப்படிக் கேட்டேன் அவங்கிட்ட. கேக்காமப் போனானான்னு நாந்தான கேட்டேன். எம்மகன் என்ன ஆனான்னு கேக்கலியே” என்றார்.

சொல்ல என்ன இருக்கிறது, அது உண்மை.

பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கதவு எப்போதும் கத்தும். துணிகளை இழுத்துப் போடுகிறார்.

“இசக்கி” என்றார் அப்பா. என்னிடம் இல்லை. “ஏல இசக்கி.”

வைத்துவிட்டேன்.

4:00. ஹருமி அம்மா பலகை முன்னால் வந்து நின்றார். ஒன்பதைத் தொட்டுப் பார்த்தார். போனை எடுத்தார், ஒரே வார்த்தை சொன்னார். ஆரஞ்சு நிறச் சட்டைபோட்ட நான்கு பேர் பனி வண்டியில் ஏறிப் போனார்கள்.

4:25. கூட்டிவந்துவிட்டார்கள். பதினான்காவது கம்பு தாண்டி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். கை மட்டும் மரத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

இருபத்தைந்து நிமிஷம். ஒரு வில்லை ஆணியில் தொங்கினால் அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். “நீ போகலியா வடிவு?” என்றார். உதடு நீலமாக இருந்தது. விரல் மடங்கவில்லை, வில்லையை எடுக்க முடியாமல் தடவினார். எடுத்துக் கொடுக்கட்டுமா என்கிற மாதிரி ஹருமி அம்மா என்னைப் பார்த்தார். நான் எழவில்லை.

“ஒன் கையால எடு” என்றேன்.

எடுத்தார். அதற்கு நேரம் ஆயிற்று. கீழே விழுந்தது, குனிந்து பொறுக்கினார். பலகை காலியான பிறகு நான் எழுந்தேன்.

5:10 பஸ். ஜன்னலோரம். போர்டு பக்கத்து இருக்கையில் இருக்கிறது, அதற்கும் டிக்கெட் கேட்பார்களோ என்று பார்த்தேன், கேட்கவில்லை.

ஏறுவதற்கு முன்னால் ஹருமி அம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். இருபத்துமூன்று. போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். அதை என் பையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனதும் முதல் வேலை, இதை ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுக்கவேண்டும்.